பச்சிளம் குழந்தையின் மூச்சுத்திணறல்: ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடுமா?

குழந்தை பிறந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகியிருக்காது. மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று என்.ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அம்மா இன்னும் சிசேரியன் வார்டில். அப்பாவின் போனுக்கு லேபிலிருந்து ஒரு பி.டி.எஃப். வருகிறது. 'புரோகால்சிடோனின்' என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண், பக்கத்தில் 'அதிகம்' என்பதைக் குறிக்கும் 'எச்'. அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் இயல்பு அளவைவிடக் குழந்தையின் எண் பல மடங்கு அதிகம். லிஃப்ட் வாசலில் நின்றபடியே அவர் கூகுளில் தட்டுகிறார். முதலில் வரும் வார்த்தையே 'செப்சிஸ்'.

அந்த பி.டி.எஃப். சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. எந்தத் தொற்றும் இல்லாத, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கும் பிறந்த முதல் நாளில் புரோகால்சிடோனின் தானாகவே ஏறும். இரண்டு மூன்று நாட்களில் தானாகவே இறங்கும். அதனால்தான் பச்சிளம் குழந்தைகளுக்கு இதைக் குழந்தையின் வயதை மணிக்கணக்கில் வைத்துப் படிக்க வேண்டும். ஆறாவது மணி நேரத்தில் ஓர் அளவு, இருபத்து நான்காவது மணி நேரத்தில் வேறோர் அளவு.

ரத்தத்தில் இருக்கும் 'பயோமார்க்கர்' எனப்படும் குறியீடுகளை வைத்து, எந்தக் குழந்தைக்கு மூச்சுப் பிரச்னை வரும், வந்தது எந்த அளவுக்கு மோசமாகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. கேள்வியில் தப்பில்லை. ஆனால் இன்றைய நிலவரப்படி அந்தக் கணிப்பு வேலையை ரத்தத்தைவிட நன்றாகச் செய்வது, செலவே இல்லாத நாலைந்து விஷயங்கள்தான். ரத்தப் பரிசோதனையால் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அதனிடம் ஜோசியம் கேட்பதில்தான் சிக்கல்.

முதல் மூச்சில் என்ன நடக்கிறது?

கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் காற்றைப் பார்த்ததே கிடையாது. உள்ளே முழுக்கத் திரவம். ஆக்ஸிஜன் எல்லாம் தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் அந்தத் திரவம் உறிஞ்சப்பட்டு, காற்றுப்பைகள் விரிந்து, நுரையீரல் முதன்முறையாக வேலைக்கு வர வேண்டும். விரிந்த காற்றுப்பைகள் மூச்சை வெளியே விடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதைத் தடுப்பது சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். கர்ப்பத்தின் பின்பகுதியில்தான் இது போதுமான அளவுக்கு உருவாகும். சீக்கிரமே பிறந்துவிட்ட குழந்தையிடம் அது குறைவாக இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை ஊதுகிற மாதிரி சிரமப்படும். இது ஒரு வகை.

இன்னொரு வகை, திரவம் வடியத் தாமதமாவது. இது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில், அதிகம் போனால் மூன்று நாட்களில் சரியாகிவிடும். மூன்றாவது வகைதான் பயமுறுத்துவது: நிமோனியா அல்லது ரத்தத்தில் பரவிய தொற்று.

வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு 60-க்கும் மேல் மூச்சு, மூக்குத் துவாரம் விரிவது, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குவது, ஒவ்வொரு மூச்சிலும் ஒரு முனகல். முதல் சில மணி நேரத்தில் எது எதுவென்று அனுபவசாலி டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்ளலாமே என்ற ஆசை பிறப்பது இங்கேதான்.

1963-ம் ஆண்டு ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்த அவனுடைய எடை சுமார் 2.1 கிலோ. மூச்சுத்திணறல் வந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜன் செலுத்தும் அறையில்கூட வைத்துப் பார்த்தார்கள். பிறந்து 39 மணி நேரத்தில் இறந்துபோனான்.

இத்தனைக்கும் நோய்க்குக் காரணம் தெரியாமல் இல்லை. சர்ஃபக்டன்ட் குறைவுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் 1959-லேயே எழுதிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு ஆபத்து உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கையில் மருந்து இல்லை. மெல்லிய அழுத்தத்தில் காற்று கொடுத்துக் காற்றுப்பைகளைத் திறந்தே வைக்கும் 'சிபேப்' முறையை ஜார்ஜ் கிரகரி 1971-ல்தான் வெளியிட்டார். சர்ஃபக்டன்ட்டையே மருந்தாக நுரையீரலுக்குள் கொடுக்கலாம் என்று ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா 1980-ல் காட்டினார். அன்றைக்கு அதிபர் வீட்டுக் குழந்தைக்கே கிடைக்காத சிகிச்சை இன்று சாதாரணமாகி, அந்த எடையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். மாற்றியது சிகிச்சை. கணிப்பு அல்ல.

முன்பே ஒருமுறை நடந்த கதை

நுரையீரலுக்கு ஜோசியம் பார்ப்பது புதிது என்று நினைக்க வேண்டாம். 1971-ல் லூயிஸ் க்ளக் என்ற டாக்டர், கருப்பையில் உள்ள பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அதில் லெசித்தின், ஸ்பிங்கோமைலின் என்ற இரண்டு கொழுப்புப் பொருட்களின் விகிதத்தைப் பார்த்தார். விகிதம் 2-ஐத் தாண்டினால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அருமையான கண்டுபிடிப்பு. பல ஆண்டுகள் இதை நம்பித்தான் பிரசவத் தேதியே குறித்தார்கள்.

இன்று இந்தப் பரிசோதனை கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. அது தப்பான பதில் சொன்னதால் இப்படி ஆகவில்லை. முதல் காரணம், 'முதிர்ந்துவிட்டது' என்று முடிவு வந்த பிறகும், 39 வாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மற்ற குழந்தைகளைவிட அதிகப் பிரச்னைகள் வந்தன. நுரையீரல் தயாராக இருந்தால் போதாது. மூளை, கல்லீரல், சர்க்கரை அளவைச் சமாளிக்கும் திறன் எல்லாம் தயாராக வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. உண்மையிலேயே சீக்கிரம் பிரசவமாகிவிட வேண்டிய நிலை என்றால், முடிவு எப்படி வந்தாலும் பிரசவம் நடக்கத்தான் போகிறது. காத்திருக்க முடியும் என்றால் காத்திருப்பதே நல்லது. ஆக, பரிசோதனையின் பதில் எதையும் மாற்றவில்லை.

இதே அளவுகோலை இன்றைய ரத்தக் குறியீடுகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

பட்டியல் பெரிது. எல்லோருக்கும் பரிச்சயமானது சி.ஆர்.பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம். உடலில் எங்கோ அழற்சி என்றால் ஏறும். ஆனால் தகவல் கிடைத்து, கல்லீரல் வேலையைத் தொடங்கி, ரத்தத்தில் தெரியும் அளவுக்கு வர ஆறேழு மணி நேரமாவது ஆகும். பிறந்த உடனே எடுத்த சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால், தொற்று இல்லை என்று நிம்மதியடைய முடியாது. கல்லீரல் இன்னும் எழுந்தே வரவில்லை என்றும் அர்த்தமாக இருக்கலாம்.

சி.ஆர்.பி.யைத் தூண்டிவிடும் இன்டர்லூகின்-6 அதைவிட வேகம். தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்க்க முடியும். கருப்பைக்குள்ளேயே தொற்று தொடங்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஏறுவதைப் போலவே சட்டென்று இறங்கியும் விடும், சில மணி நேரம் தவறவிட்டால் போச்சு. இதயம் சிரமப்படும்போது சுரக்கும் என்.டி.-புரோ-பி.என்.பி., காற்றுப்பைகளின் உட்சுவர் செல்களில் இருந்து வரும் கே.எல்.-6 ஆகியவையும் ஆய்வில் இருக்கின்றன. முதல் சில நாட்களில் இவற்றின் அளவு அதிகமாக இருந்த குழந்தைகளுக்குப் பின்னால் நீண்டகால நுரையீரல் பாதிப்பு வந்ததாகக் காட்டும் ஆய்வுகள் பல.

'தொடர்பு இருக்கிறது' என்பதும் 'கணிக்க முடியும்' என்பதும் ஒன்றில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரு பேச்சுக்கு, 1,000 குழந்தைகள் பிறக்கிறார்கள், அதில் 20 பேருக்குத் தீவிரமான மூச்சுப் பிரச்னை வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரத்தப் பரிசோதனை ரொம்ப நல்ல பரிசோதனை: பிரச்னை உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், பிரச்னை இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். அந்த 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும். சபாஷ். மீதி 980 பேரில் 10 சதவீதம், அதாவது 98 குழந்தைகளுக்கும் 'ஆபத்து' என்று சொல்லும். மொத்தம் 116 வீடுகளுக்குக் கெட்ட செய்தி போகிறது. அதில் 18 வீடுகளில்தான் அது உண்மை. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை.

'90 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரத்திலோ செய்தித் தலைப்பிலோ பார்க்கும்போது யாரும் இந்த 98 குழந்தைகளை எண்ணுவதில்லை. அவர்களுக்கு என்ன நடக்கும்? அம்மாவிடமிருந்து பிரித்துக் கண்காணிப்பில் வைப்பார்கள். கையில் ஊசி ஏறும். ஆன்டிபயாடிக் தொடங்கும். தாய்ப்பால் தள்ளிப்போகும். தனியார் மருத்துவமனை என்றால் என்.ஐ.சி.யூ. கட்டணம் நாள்கணக்கில் ஏறும். பிறகு மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள், முதல் முடிவு சரிதானா என்று பார்க்க.

ஒரு டீ கிளாஸ்கூட இல்லை

ரத்தம் எடுப்பது சும்மா நடக்கிற வேலை இல்லை. குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையிடம் இருப்பது மொத்தமே அவ்வளவுதான். டீக்கடை கிளாஸ் ஒன்றைக்கூட முழுதாக நிரப்பாது. அதில் ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் ஒரே நேரத்தில் 60 மில்லி எடுப்பதற்குச் சமம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் சி.ஆர்.பி. ரிப்பீட் என்று ஒரு வாரம் போனால் என்ன ஆகும்? மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் ரத்தம் ஏற்ற வேண்டி வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பரிசோதனைக்காக எடுத்த ரத்தம்தான். நோய் எடுத்துக்கொண்டது பாதி, லேப் எடுத்துக்கொண்டது மீதி.

தொப்புள்கொடியை வெட்டிய பிறகு நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தத்தை முதல் பரிசோதனைக்குப் பயன்படுத்தினால் குழந்தைக்கு ஒரு சொட்டுகூட நஷ்டமில்லை, வலியும் இல்லை. கொடியை உடனே வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பொறுத்தபின் மிஞ்சுகிற ரத்தமே போதும். ஆய்வு செய்பவர்கள் எந்தப் புதுக் குறியீட்டை முயன்று பார்த்தாலும் இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

கணிப்பு உண்மையிலேயே தேவைப்படும் ஓர் இடம்

இவ்வளவு சொன்னதால், ரத்தக் குறியீடு ஆராய்ச்சியே வீண் என்று ஆகிவிடாது. ஒரு இடத்தில் நல்ல கணிப்பு கிடைத்தால் உயிரும் மூளையும் காப்பாற்றப்படும்.

மிகவும் குறைமாதத்தில் பிறந்து, வாரக்கணக்கில் வென்டிலேட்டரிலும் ஆக்ஸிஜனிலும் இருக்கும் குழந்தைகளில் சிலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறது. இதற்குப் 'பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா', சுருக்கமாக பி.பி.டி. என்று பெயர். ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வேயும் சக டாக்டர்களும் 1967-ல் முதலில் விவரித்த நோய் இது. இதைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவும். வென்டிலேட்டரில் இருந்து குழந்தையை வெளியே கொண்டுவரும். ஆனால் அதே மருந்து வளரும் மூளையைப் பாதித்து, பெருமூளை வாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டும்.

அப்படியென்றால் யாருக்குக் கொடுப்பது? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லெக்ஸ் டாய்லின் குழு 2005-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு விடை சொன்னது. பி.பி.டி. வரும் வாய்ப்பு 35 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் மரணமோ பெருமூளை வாதமோ வருவது அதிகமாகிறது. வாய்ப்பு 65 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்தால் குறைகிறது. ஒரே மருந்து, ஒரு குழந்தைக்கு நல்லது, பக்கத்து இன்குபேட்டர் குழந்தைக்குக் கெடுதல். வித்தியாசம், அந்தக் குழந்தையின் ஆபத்து எத்தனை சதவீதம் என்பதில் இருக்கிறது. இங்கே கணிப்பு என்பது ஜோசியம் இல்லை. மருந்துச் சீட்டின் ஒரு பகுதி.

சரி, அந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தின் கீழ் இயங்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பு 2011-ல் ஒரு கால்குலேட்டரை வெளியிட்டது. அதில் நிரப்ப வேண்டியவை: எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, ஆணா பெண்ணா, என்ன இனம், எந்த வகை சுவாசக் கருவியில் இருக்கிறது, எத்தனை சதவீத ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. இத்தனைக்கும் இதே கூட்டமைப்பு அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிகச் சிறிய குழந்தைகளின் ரத்தத்தில் அழற்சிப் புரதங்களை அளந்து, பலவற்றுக்கும் பி.பி.டி.க்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லியிருந்தது. தொடர்பு இருந்தது. ஆனால் டாக்டர்கள் கையில் கொடுத்த கால்குலேட்டரில் அதற்கு இடமில்லை.

35-க்கும் 65-க்கும் நடுவே ஒரு பெரிய சாம்பல் பகுதி இருக்கிறது. அங்கே இருக்கும் குழந்தையை ஏதேனும் ஒரு பக்கம் தெளிவாகத் தள்ளிவிடக்கூடிய ஒரு ரத்தக் குறியீடு வந்தால், அதற்காக அரை மில்லி ரத்தம் கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. ஏற்கெனவே வாரமும் எடையும் ஆக்ஸிஜனும் சொல்லிவிட்டதையே திருப்பிச் சொல்லும் குறியீட்டுக்கு அது தண்டச் செலவு.

ரத்தப் பரிசோதனை நன்றாகச் செய்யும் வேலை

'வரும்' என்று சொல்வதில் தடுமாறும் இந்தக் குறியீடுகள், 'இல்லை, நிறுத்தலாம்' என்று சொல்வதில் கெட்டி.

மூச்சுத்திணறலோடு என்.ஐ.சி.யூ.வுக்கு வரும் குழந்தைக்குத் தொற்று இருக்குமோ என்ற பயத்தில் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். அதைத் தப்பு சொல்ல முடியாது, தொற்று இருந்து மருந்து தாமதமானால் உயிருக்கே ஆபத்து. பிரச்னை, தொடங்கியதை எப்போது நிறுத்துவது என்பதில். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 1,700-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. மணிக்கணக்கு வயதுக்கு ஏற்றபடி புரோகால்சிடோனின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இறங்கியதும் மருந்தை நிறுத்தினார்கள். வழக்கமான முறையில் 65 மணி நேரம் நீடித்த ஆன்டிபயாடிக், இந்த முறையில் 55 மணி நேரமாகக் குறைந்தது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண் இல்லைதான். ஒரு குழந்தைக்குப் பத்து மணி நேரம் மருந்து குறைந்தது என்பதை ஒரு மருத்துவமனையின் ஓராண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் எடை தெரியும்.

தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவுக்கும் ரத்தத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் வடபகுதியில் உள்ள கைசர் பெர்மனென்ட்டி மருத்துவமனைகள், அம்மாவின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரம், அம்மாவுக்குக் குறிப்பிட்ட பாக்டீரியா இருந்ததா, பிரசவ நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா, இதோடு குழந்தை பார்க்க எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு கால்குலேட்டர் செய்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, ரத்த கல்ச்சர் எடுக்கப்பட்ட குழந்தைகள் 14.5 சதவீதத்தில் இருந்து 4.9 சதவீதமாகவும், முதல் நாளில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 5 சதவீதத்தில் இருந்து 2.6 சதவீதமாகவும் குறைந்திருந்தார்கள். அதனால் பாதிப்பு கூடியதாகவும் தெரியவில்லை.

'எதுக்கும் இருக்கட்டும்' என்று கொடுக்கும் மருந்து சும்மா போகாது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1950-களில் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவர், குறைமாதக் குழந்தைகளுக்குத் தடுப்பாகக் கொடுக்கப்பட்ட இரண்டு வகை பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளை ஒப்பிட்டார். பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட சல்ஃபா மருந்து பெற்ற குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள். மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கியிருந்தது. இதே சில்வர்மன் பெயரில்தான் இன்றும் என்.ஐ.சி.யூ.க்களில் மூச்சுத்திணறலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது, விலா உள்வாங்குவது, மூக்கு விரிவது, முனகல் என ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. பூஜ்ஜியம் என்றால் நிம்மதி, பத்து என்றால் அவசரம். தேவைப்படும் கருவி இரண்டு கண்.

நம்மூரில் எங்கே இடிக்கிறது?

இந்தியாவில் 2020-ல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. உலகின் வேறெந்த நாட்டையும்விட அதிகம். இவர்களின் நுரையீரலுக்கு மிகப் பெரிய உதவி, பிறப்பதற்கு முன் அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹவ்வியும் 1972-லேயே கண்டது: ஊசி போட்ட அம்மாக்களின் குழந்தைகளில் 9 சதவீதம் பேருக்கும், போடாதவர்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 26 சதவீதம் பேருக்கும் மூச்சுத்திணறல் நோய் வந்தது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-ல் வந்தது. அதிலும் டெக்சாமெத்தசோன் குழந்தை இறப்பை 23.5 சதவீதத்தில் இருந்து 19.6 சதவீதமாகக் குறைத்தது. மலிவான மருந்து. கிராமச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தை எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதல் மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன் வேண்டும்.

இன்னொரு பக்கம் சிசேரியன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் 'திரவத்தை உறிஞ்சத் தொடங்கு' என்று நுரையீரலுக்குக் கட்டளை கொடுப்பவை. வலி வருவதற்கு முன்பே எடுக்கும் குழந்தைக்கு அந்தக் கட்டளை போய்ச் சேர்வதில்லை. எத்தனையோ சிசேரியன்கள் உயிர் காப்பவை, அவற்றை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரம் ஏதும் இல்லாதபோது, நல்ல நாள் நல்ல நேரம் குறித்து 37-வது வாரத்திலேயே எடுக்கச் சொல்லும் குடும்பங்கள் இங்கே குறைவில்லை. அமெரிக்காவில் திட்டமிட்ட மறு சிசேரியன்களை வைத்து 2009-ல் வந்த ஆய்வு ஒன்று: 37-வது வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 15.3 சதவீதம் பேருக்கு மூச்சுத்திணறல் உள்ளிட்ட பிரச்னைகள். 38-ல் 11 சதவீதம். 39-ல் 8 சதவீதம். இரண்டு வாரம் பொறுத்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எந்த ஜாதகமும் குறித்துக் கொடுக்காத பலன் இது.

இந்த மூன்று எண்களோடு போட்டி போடக்கூடிய ரத்தக் குறியீடு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, 'அட்வான்ஸ்டு நியோநேட்டல் பேனல்' என்கிற மாதிரி பெயரில் நீளமான பரிசோதனைப் பட்டியலைப் பெற்றோரிடம் நீட்டுவதற்கு முன், மருத்துவமனைகள் அந்தப் பணத்தை இரவு ஷிப்டில் இன்னொரு நர்ஸுக்குச் செலவழிப்பது குழந்தைகளுக்கு நல்லது. குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. நாலைந்து விநாடி நிற்கும், பிறகு வேகமெடுக்கும். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் தப்பாகப் போகும். துணியை விலக்கி, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரே நர்ஸ் எட்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

இதைப் படித்துவிட்டு, ரத்தம் எடுக்க வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் தடுக்கக் கூடாது. சர்க்கரை அளவு, ரத்தத்தில் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று காட்டும் பிளட் கேஸ், தொற்று சந்தேகம் இருந்தால் கல்ச்சர் எல்லாம் கட்டாயம் தேவைப்படலாம். இவை எதிர்காலத்தைச் சொல்பவை இல்லை, இந்த நிமிடத்தைச் சொல்பவை. சிகிச்சையை உடனே மாற்றுபவை.

லிஃப்ட் வாசலில் நிற்கும் அந்த அப்பா, கூகுளை மூடிவிட்டு மேலே போய் டாக்டரிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, காலையில் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? எத்தனை சதவீத ஆக்ஸிஜன் கொடுக்கிறீர்கள்? லேப் போட்டிருக்கும் இயல்பு அளவு, பிறந்து இத்தனை மணி நேரமான குழந்தைக்கானதா? அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, அதன் முடிவு எப்படி வந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவீர்கள்? அம்மா எப்போது வந்து குழந்தையைத் தொடலாம்?